எல்லாரும் போந்தாரோ? மார்கழி பஜனையும் அதன் வாசல் பாட்டுகளும்

திருப்பாவையில் 30 பாசுரங்கள். முதல் ஐந்தும் நோன்புக்கு முகவுரை. நந்தகோபன் மாளிகையின் வாயில்காப்போனை ஆய்ச்சிறுமியர் அழைப்பது 16-ஆம் பாசுரத்தில்தான். 6 முதல் 15 வரை இடையில் உள்ள பத்துப் பாசுரங்களும் தோழியரின் வீட்டு வாசல்களில் நின்று, தூங்குகிறவர்களை எழுப்புவதிலேயே கழிகின்றன. மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் அப்படித்தான்: 20 பாடல்களில் முதல் எட்டு, தோழியை எழுப்பும் பாடல்கள். இறைவனைப் பாட வந்த இரண்டு பெரும் பாடல்கள், தம்மில் மூன்றில் ஒரு பங்கையாவது அண்டை வீட்டுக்காரிக்குக் கொடுத்திருக்கின்றன.

மார்கழி என்றால் பனி, கோலம், கோயில் பொங்கல், சென்னையில் கச்சேரி சீசன் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். அதிகாலையில் ஜால்ராவைத் தட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிவரும் பஜனைக் குழுவை ஒரு ஓரத்து வண்ணமாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறோம். என் பார்வையில் அந்தக் குழுதான் மார்கழியின் நடு. இசை, இயற்கை, பக்தி, ஊர் என்ற நான்கும் ஒன்றோடொன்று பிரிக்க முடியாமல் கலந்து நிற்கும் இடம் தமிழர் வாழ்வில் இதைப்போல் வேறொன்று எளிதில் கிடைக்காது. அதன் சூட்சுமம் இந்த வாசல் பாட்டுகளில் இருக்கிறது.

எட்டாம் பாசுரத்தைப் பாருங்கள். கிழக்கு வெளுத்துவிட்டது. எருமைகள் பனிப்புல் மேயக் கிளம்பிவிட்டன. மற்றப் பெண்கள் நீராடப் புறப்பட்டும் விட்டார்கள். அப்போது அழைக்க வந்தவள் சொல்கிறாள்: ‘மிக்குள்ள பிள்ளைகளும் போவான் போகின்றாரைப் போகாமல் காத்து உன்னைக் கூவுவான் வந்து நின்றோம்.’ போய்க்கொண்டிருந்தவர்களைத் தடுத்து நிறுத்திவிட்டு ஒருத்திக்காக வந்து நிற்கிறார்கள். நோன்பு, நேரம், நீராட்டம் எல்லாம் அந்த ஒருத்திக்காகக் காத்திருக்கின்றன. ஆண்டாளை எத்தனையோ விதமாகப் போற்றுகிறோம்; எனக்கு இந்த ஒரு வரி போதும்.

எழுப்புகிற முறையில்தான் எத்தனை உயிர்! ஒருத்தியைப் ‘பேய்ப்பெண்ணே’ என்கிறார்கள். இன்னொருத்தியின் அம்மாவைக் கூப்பிட்டு, உன் மகள் ஊமையா, செவிடா என்று கேட்கிறார்கள். கும்பகர்ணன் தோற்றுப்போய்த் தன் தூக்கத்தை உனக்குக் கொடுத்துவிட்டானா என்று மற்றொருத்தியை வம்புக்கு இழுக்கிறார்கள். ‘நான் உங்களை முதலில் எழுப்புவேன்’ என்று முந்தின நாள் வாய் பேசியவளும் தூங்கிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் கிடைக்கிறது. 12-ஆம் பாசுரத்தில் கன்றை நினைத்து எருமை தானாகப் பால் சொரிய, வீட்டுத் தரையே சேறாகிக் கிடக்கிறது. தலையில் பனி விழ விழ, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் தோழியர். மேலே பனி, கீழே பால். அந்த ஈரத்தில் நின்றபடியே ‘இனித்தான் எழுந்திராய்’ என்கிறார்கள். ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த ஊரில்தான் இப்படிப் பேச முடியும்.

வாசல் பாட்டுகளில் கடைசியானது 15-ஆம் பாசுரம். அது முழுக்க உள்ளிருப்பவளும் வெளியிலிருப்பவர்களும் பேசிக்கொள்ளும் பேச்சு. ‘எல்லே இளங்கிளியே, இன்னம் உறங்குதியோ?’ என்று தொடங்கிக் கொஞ்சம் வாய்ச்சண்டையும் முடிந்த பிறகு, உள்ளிருப்பவள் கேட்கிறாள்: ‘எல்லாரும் போந்தாரோ?’ பதில்: ‘போந்தார், போந்து எண்ணிக்கொள்.’ எல்லாரும் வந்தாகிவிட்டது, நீயே வந்து எண்ணிப் பார்த்துக்கொள். திருவெம்பாவையின் நான்காம் பாடலிலும் இதே கேள்வி வருகிறது: ‘வண்ணக் கிளிமொழியார் எல்லாரும் வந்தாரோ?’ எங்களால் எண்ணிக்கொண்டிருக்க முடியாது, நீயே வந்து எண்ணு, குறைந்தால் மறுபடி போய்த் தூங்கு என்று பதில் வருகிறது. ஒன்று வைணவம், மற்றது சைவம். இரண்டிலும் ஒரு பெண் படுக்கையை விட்டு எழும் முன் கேட்கும் கேள்வி, எல்லாரும் வந்துவிட்டார்களா என்பதுதான்.

இந்த வழக்கத்தின் வேர் பக்திக் காலத்துக்கும் முந்தியது. பரிபாடலின் 11-ஆம் பாட்டில், ஆதிரை நாளை ஒட்டிய குளிர்காலத்தில் கன்னிப் பெண்கள் வைகையில் நீராடுகிறார்கள். ‘வெம்பாதாக வியனில வரைப்பு’ என்று வேண்டுகிறார்கள்: இந்தப் பரந்த நிலம் வெப்பத்தால் வாடாதிருக்கட்டும். ஊருக்கு மழை வேண்டும் என்பதே நோன்பின் பழைய நோக்கம். நல்ல கணவன் கிடைக்க வேண்டும் என்ற வேண்டுதல் இதனோடு சேர்ந்தே வந்தது. பிற்காலத்தில் அதுவே முன்னால் வந்து நின்றுவிட்டது. திருப்பாவையின் மூன்றாம், நான்காம் பாசுரங்களைப் படித்தால் பழைய நோக்கம் கொஞ்சமும் மங்கவில்லை என்பது தெரியும். தீங்கின்றி நாடெல்லாம் திங்கள் மும்மாரி பெய்ய வேண்டும். மேகம் கடலுக்குள் புகுந்து, நீரை முகந்து, ஆர்ப்பரித்து மேலேறி, கறுத்து, மின்னி, அதிர்ந்து, சரம் சரமாகப் பெய்ய வேண்டும். அப்படிப் பெய்த பிறகு ஓங்கி வளர்ந்த செந்நெல்லுக்கிடையே கயல் துள்ளும், குவளைப் பூவில் வண்டு கண்ணுறங்கும். சம்பா நெல் கதிர் வாங்கி நிற்கும் மாதம் மார்கழி. அறுவடை தையில். வடகிழக்குப் பருவமழையின் கடைசித் துளிகள் பெய்வதும் பொய்ப்பதும் அந்த ஆண்டுச் சோற்றைத் தீர்மானித்த காலத்தில் எழுந்த பாட்டு இது.

விடியலை அறிய அந்தப் பெண்களிடம் கடிகாரம் இல்லை. சுற்றியுள்ள உயிர்கள்தான் கடிகாரம். பறவைகள் சிலம்பின. கோயில் சங்கு ஊதியது. தயிர் கடையும் மத்தின் ஓசை கேட்கிறது. புழைக்கடைக் குளத்தில் செங்கழுநீர் வாய் நெகிழ்ந்தது, ஆம்பல் வாய் கூம்பியது. ஏழாம் பாசுரத்தில் ‘கீசு கீசு’ என்று பேசும் ஆனைச்சாத்தனை உரைகாரர்கள் வலியன் என்கிறார்கள். அது கரிச்சான், அதாவது ரெட்டைவால் குருவி, என்று கருதுவோர் உண்டு. கரிச்சான் மற்றப் பறவைகளுக்கு முன்பே, நன்றாக இருட்டியிருக்கும்போதே கூவத் தொடங்கிவிடும் பறவை. கிராமத்தில் விடியுமுன் எழுந்து பழகியவர்களுக்கு இது தெரியும். 13-ஆம் பாசுரத்தில் வானமும் சேர்ந்துகொள்கிறது: ‘வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று.’ கிழக்கே வெள்ளி உதிக்க, மேற்கே வியாழன் மறையும் இந்தக் காட்சியை வைத்துத்தான் தமிழறிஞர் மு. இராகவையங்கார் கணக்கிட்டு, திருப்பாவையின் காலம் கி.பி. 731 என்றார். அந்தக் கணக்கை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வானத்தை அண்ணாந்து பார்த்தவர் எழுதிய வரி அது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மார்கழி விடியலில் ஓசோன் படலம் கீழே இறங்கி வருகிறது, அதனால்தான் முன்னோர் நம்மை அந்த நேரத்தில் வெளியே வரச் செய்தார்கள் என்று ஆண்டுதோறும் ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மையில்லை. ஓசோன் படலம் அப்படி இறங்குவதில்லை. தரையருகே உள்ள ஓசோன் நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பது, அதுவும் வெயிலில்தான் மிகுதியாக உண்டாகிறது. பாவைப் பாட்டுக்கு இப்படியொரு முட்டு தேவையே இல்லை. உண்மையான அறிவியல் வேறோர் இடத்தில் இருக்கிறது, அது இன்னும் அழகானது. பனிக்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். அப்போது ஒலி மேலே போய்க் கலையாமல் தரையை நோக்கி வளைந்து திரும்பும். வண்டிகளின் இரைச்சலும் இல்லாத நேரம். அதனால்தான் மூன்று தெரு தள்ளி ஒலிக்கும் ஜால்ரா தலைமாட்டில் ஒலிப்பதுபோல் கேட்கிறது.

கோயிலுக்குள் ஓதப்பட்ட பாவைப் பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. இராமாநுசர் பிச்சைக்குப் போகும்போதெல்லாம் திருப்பாவையை ஓதிக்கொண்டே நடந்ததால் அவருக்குத் திருப்பாவை ஜீயர் என்று பெயர் வந்ததாக வைணவ மரபு சொல்கிறது. திருமலையில் மார்கழி முழுவதும் சுப்ரபாதம் நிறுத்தப்பட்டுத் திருப்பாவை ஒலிக்கிறது. கடல் கடந்தும் போயிருக்கிறது இந்தப் பாட்டு. பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் த்ரீயம்பாவாய், த்ரீபாவாய் சடங்குகளில் திருவெம்பாவை வரிகள் ஓதப்படுகின்றன. ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது, தலைமுறை தலைமுறையாக ஒலியை மட்டும் காத்து வந்திருக்கிறார்கள். அந்த விழாவுக்கென 1784-இல் நிறுவப்பட்ட மாபெரும் ஊஞ்சலின் சிவப்புத் தூண்களை இன்றும் அந்த நகரின் நடுவில் காணலாம். ஊஞ்சல் ஆடுவது மட்டும் 1935-இல் நின்றுபோனது.

தெருவில் பாடும் வழக்கத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஊற்றுகள். வட தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பஜனை கோயில் உண்டு. சென்னை, காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கம் எத்தனை ‘பஜனை கோயில் தெரு’ என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பெரும்பாலும் ஒரு சிறிய ஓட்டுக் கட்டடம், உள்ளே இராமர் பட்டாபிஷேகப் படம், ஒரு குத்துவிளக்கு, ஒரு மிருதங்கம். அவ்வளவுதான். அங்கே பாடியவர்கள் உழவர்களும் நெசவாளர்களும் கடைக்காரர்களும். தமிழும் தெலுங்கும் கலந்த பாட்டுகளைக் கேள்வி ஞானத்தில் கற்று, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, மகனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தமிழிசை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த நோட்டுகளைத் தேடிப் போகாதது எனக்குப் பெரிய வருத்தம்.

நகரத்தில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் பல பத்தாண்டுகள் மார்கழி பஜனை நடத்தினார். தம் கீர்த்தனைகளை மேடையில் பிறர் பாடிப் புகழ் பெற்ற காலத்திலும் அவர் தெருவில் இறங்கிப் பாடிக்கொண்டுதான் இருந்தார். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதியின் முயற்சியால் திருப்பாவை, திருவெம்பாவை மாநாடுகள் நடந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒப்புவித்தல் போட்டிகள் பரவின. இரண்டு சமயத்துப் பாட்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவது அதன் பிறகு ஊரறிந்த பழக்கமாயிற்று. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் 30 பாசுரங்களுக்கும் இராகம் அமைத்தார். முதல் ஐந்துக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் அமைந்த அதே கனராகங்கள், அதே வரிசை. சபைக்கு எவ்வளவு பெரிய மரியாதை உண்டோ அதே மரியாதையை இந்தப் பெண் பிள்ளைகளின் பாட்டுக்கும் கொடுத்தார் அவர்.

நான் அறிந்த ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய பாடகர் யாரும் அதில் இல்லை. ஆர்மோனியத்தைத் துண்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார் ஒருவர். வெண்கல ஜால்ரா விடியற்குளிரில் சில்லிட்டுப்போகும் என்பதால் கயிற்றோடு ஒரு துணியைச் சுற்றியிருப்பார்கள். பனியில் நனைந்து எழுத்து கலையாதிருக்கப் பாட்டுப் புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை. பால் பாக்கெட் போடும் இளைஞர் சைக்கிளை நிறுத்தி ஒரு பாட்டு மட்டும் பாடிவிட்டுப் போவார். பஜனை போகும் வழியில் ஒரு வீட்டில் எழுந்து நடக்க முடியாத ஒரு பாட்டி. ஒரு காலத்தில் முன்னால் நின்று பாடியவர். அவருடைய ஜன்னலுக்கு வெளியே குழு நிற்கும். உள்ளே படுக்கையிலிருந்தே அவர் பாடுவார். குரல் அரைத் தாளம் பின்தங்கும். ஜால்ரா பிடிப்பவர் காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, தளர்த்திவிடுவார். குழு முழுவதும் அந்தக் குரல் வந்து சேரும்வரை ஒவ்வோர் அடியின் கடைசி அசையிலும் நின்று நிதானிக்கும். எட்டாம் பாசுரத்துக்கு உரை கேட்டிருக்கிறேன், படித்தும் இருக்கிறேன். இதைவிடத் தெளிவான உரை கிடைத்ததில்லை.

பஜனையின் அமைப்பே இதற்குத் தோதானது. ஒருவர் ஓர் அடியைச் சொல்ல, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். பாட்டு தெரியாதவரும் அரை நொடி பின்னால் வந்து சேர்ந்துகொள்ளலாம். சுருதி விலகினால் பத்துக் குரல் அதை மூடிக்கொள்ளும். கச்சேரியில் கேட்பவர் வேறு, பாடுபவர் வேறு. இங்கே அந்தக் கோடு இல்லை.

சேர்ந்து பாடும்போது உடலிலும் சில மாற்றங்கள் நிகழ்கின்றன. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைக் கண்டது. காரணம் எளியது: பாட்டின் அடிகள் மூச்சை ஒழுங்கு செய்கின்றன, மூச்சைத் தொடர்ந்து துடிப்பும் ஒழுங்குக்கு வருகிறது. 2015-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், முன்பின் அறியாதவர்களைப் பாட்டு வகுப்பிலும் கைவினை, எழுத்து வகுப்புகளிலும் ஏழு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். பாட்டு வகுப்புக்காரர்கள் தொடக்கத்திலேயே நெருங்கிவிட்டார்கள். மற்ற வகுப்பினரும் ஏழு மாதத்தின் முடிவில் அதே நெருக்கத்தை எட்டிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, பாட்டு செய்வது முதல் தயக்கத்தை உடைப்பது. அதன்பின் வருவது தொடர்ந்து கூடுவதன் பலன். மார்கழியில் இரண்டும் கிடைக்கின்றன. முதல் நாளே கூச்சம் போய்விடுகிறது, பிறகு மாதம் முழுவதும் அதே முகங்கள், அதே தெரு.

இதனால்தான் ஒலிபெருக்கி பஜனைக்கு மாற்று ஆகாது என்கிறேன். பல கோயில்களில் இப்போது விடியலில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு நடையைத் திறக்கிறார்கள். குரல் இனிமையானதுதான், உச்சரிப்பும் பிசகாதுதான். ஆனால் அந்தக் குரல் எந்த வாசலிலும் நிற்பதில்லை, யாருக்காகவும் தாளத்தைத் தளர்த்துவதில்லை. நோயாளியின் தூக்கத்தையும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் கவனத்தையும் கலைக்கிறது. நடந்துபோகும் குழுவின் ஓசையோ ஒரு வீட்டை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும்.

பாட்டுப் பாடி அண்டை வீட்டாரை எழுப்பும் வழக்கம் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. தமிழ் முஸ்லிம்கள் வாழும் ஊர்களில் ரமலான் மாதத்தில், நோன்புக்கு முன் உண்ணும் சஹர் நேரத்தில் பக்கீர்கள் தப்ஸ் என்னும் பறையை அடித்துப் பாடியபடி தெருத்தெருவாகப் போவதுண்டு. டிசம்பர் இரவுகளில் தேவாலயப் பாடகர் குழு வீடு வீடாகக் கீத பவனி போகிறது. வாசலில் நின்று பாடி, வீட்டாருக்காக ஜெபித்து, தேநீரோ கேக்கோ வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்கிறது. மார்கழி பாதி டிசம்பரில் வருவதால், சில ஊர்களில் பின்னிரவில் கீத பவனி முடித்து வீடு திரும்புகிறவர்கள் எழும் முன்பே, விடியலில் பஜனை கிளம்பிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. பஜனை ஊர்வலம் எல்லாத் தெருவுக்கும் போனதில்லை. ஊருக்கு ஒரு பஜனை மடம், சேரிக்கு ஒரு பஜனை மடம் என்று பிரிந்து கிடந்த ஊர்கள் பல. எல்லைக்கல்லோ வாய்க்காலோ வந்ததும் ஜால்ரா திரும்பிவிடும். பல குழுக்களில் பெண்களுக்கும் நெடுங்காலம் இடம் இல்லை. ஒரு பெண் பாடிய, பெண்கள் பேசும் பாட்டை ஆண்களே தெருவில் பாடினார்கள், பெண்கள் கோலமிட்டு வாசலில் நின்று கேட்டார்கள். பெண்கள் விஷயத்தில் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. இன்று நகரத்துக் குழுக்களில் பலவற்றை நடத்துகிறவர்களே பெண்கள்தாம். தெரு விஷயத்தில் மாற்றம் மெதுவாகத்தான் வருகிறது. ‘எல்லாரும் போந்தாரோ’ என்று பாடிக்கொண்டே ஒரு தெருவை விட்டுவிட்டுத் திரும்புவதை என்னால் சமாதானமாக ஏற்க முடியவில்லை. ஆண்டாளின் பெண்கள் எவளையும் விட்டுவிட்டுப் போகவில்லை. 28-ஆம் பாசுரத்தில் அவர்கள் தங்களை ‘அறிவொன்றும் இல்லாத ஆய்க்குலம்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். மாட்டின் பின்னே காட்டுக்குப் போய் உண்ணுகிறவர்கள்.

நோன்பின் மகிழ்ச்சி எதில் முடிகிறது என்பதை 27-ஆம் பாசுரம் காட்டுகிறது. இரண்டாம் பாசுரத்தில் நெய் உண்ணோம், பால் உண்ணோம் என்றவர்கள், இங்கே பாற்சோறு மறையும்படி நெய் ஊற்றி, அது முழங்கை வழியே வழிய அமர்ந்திருக்கிறார்கள். சூடகம், தோள்வளை, தோடு, பாடகம், புத்தாடை எல்லாம் உண்டு. ஆனால் உண்டோம் என்று மட்டும் பாட்டு சொல்லவே இல்லை. ‘கூடியிருந்து குளிர்ந்து’ என்று நின்றுவிடுகிறது. அந்த நாளைக் கூடாரவல்லி என்று கொண்டாடி, கோயில்களில் அக்காரவடிசில் படைக்கிறார்கள்: அரிசியும் பாசிப்பருப்பும் பாலிலேயே குழைய வெந்து, வெல்லமும் நெய்யும் ஏறியது. அன்றைக்குப் பஜனைக்கு வராதவர்களும் தொன்னைக்காக வந்து நிற்பார்கள். வரட்டும். அவர்களில் இரண்டு பேராவது மறுநாள் பாட வந்து சேருவதைப் பார்த்திருக்கிறேன்.

மார்கழி டிசம்பர் நடுவில் பிறக்கிறது. எந்தத் தெரு வழியாகப் போவது, யார் வீட்டு வாசலில் நிற்பது, எந்த நாள் பிரசாதம் யாருடையது என்பதையெல்லாம் பெரும்பாலான குழுக்கள் கார்த்திகைக் கடைசியிலேயே உட்கார்ந்து பேசி முடித்துவிடும். பாதையில் எந்தத் தெரு இன்னும் இல்லை என்பதை அந்தக் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். மாதம் பிறந்த பிறகு கேட்டால், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார்கள்.